யாரோட இடது

காலையில் கதவைத் திறந்து, ஜன்னல் திரையை ஒதுக்கி, ஊறிக் கிடந்த பிரஷ்களைத் துணியில் துடைத்து வரிசையாக வைத்த பிறகு, அவளுடைய அப்பா தவறாமல் ஒரு காரியம் செய்வார். பிரஷ் நுனியால் நீல வண்ணத்தைத் தொட்டு, இடது கைக் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு புள்ளி வைப்பார். கடுகளவு புள்ளி. இரண்டு தடவை ஊதிவிட்டு வேலையைத் தொடங்குவார். சாயங்காலம் டர்பன்டைன் போட்டுக் கை துடைக்கும்போது அதுவும் போய்விடும். மறுநாள் மறுபடியும் புதுப் புள்ளி. காய்ச்சலோடு வேலை செய்த நாட்களிலும், அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்த நாட்களிலும் அது தவறியதில்லை.

சின்ன வயதில் அவள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும், வண்ணம் பதமாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தாள். காலேஜில் சேர்ந்த வருஷம்தான் கேட்டாள்.

"இதுவா? இதுதான் இடது," என்றார் அப்பா.

"இடது எதுன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"எனக்குத் தெரியும். வர்றவங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

எல்லாம் வகிட்டில் ஆரம்பித்ததாம். அப்பா தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வங்கி மேனேஜர், வரைந்து முடித்த தன் படத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு வகிடு இடது பக்கம், நீ வலது பக்கம் எடுத்திருக்கிறாய் என்று சண்டைக்கு வந்தார். போட்டோவைக் காட்டியும் ஒப்பவில்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கிற தலை எனக்குத் தெரியாதா என்றார். அடுத்து வந்தவர் கைக்கடிகாரத்துக்காகச் சண்டை போட்டார். ஆளுக்கு ஒரு இடது. இந்தப் பஞ்சாயத்தையே பேசிக்கொண்டிருந்தால் படம் எப்போது போடுவது? அதனால் அப்பா ஒரு சட்டம் கொண்டுவந்தார். இந்த அறைக்குள் ஒரே இடதுதான். கேன்வாஸுக்கு முன்னால் நிற்கும்போது புள்ளி வைத்த கை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் இடது. படத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத் தனியாக இடது வலது கிடையாது.

"படத்துக்குள்ள போயிட்டா கை காலே அவருக்குச் சொந்தமில்ல. பக்கம் மட்டும் சொந்தமா?" என்பார்.

வீடும் படக்கடையும் ஒரே கட்டடம். முன்னறையில் வண்ணம், பின்னறையில் குடித்தனம், நடுவில் ஒரு துணித் திரை. அப்பாவின் சட்டம் அந்தத் திரையைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவள் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. நாலு வயதில் அப்பா அவளை வரைந்தபோது அது கேன்வாஸின் வலது பக்கமாக விழுந்தது. அதிலிருந்து வீட்டில் அது "வலது கன்னத்து மச்சம்". பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அடையாளக் குறி கேட்டதற்கு அப்பா அதையே சொன்னார். எழுதினவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா படித்தது நாலாம் வகுப்பு. அம்மா அதுவும் இல்லை. அந்த வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கினவள் அவள்தான். அன்றிலிருந்து அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். "ஏ பட்டதாரி, அந்த வெள்ளை ட்யூப்பை எடு" என்பார். கேலிதான். ஆனால் வங்கிக்கோ மின்சார ஆபீசுக்கோ போக வேண்டும் என்றால் அந்தக் கேலி நின்றுவிடும். "நீ போய்ப் பேசு, நீ படிச்சவ" என்பார். காகிதம், முத்திரை, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர், இந்த மூன்றையும் கண்டால் அப்பாவுக்குப் பயம். அவளுக்கும்தான். அதை அவள் வீட்டில் சொன்னதில்லை.

வேலை இல்லாத நாட்களில் அப்பா உடம்புகளை வரைந்து வைத்துக்கொள்வார். கோட்டு போட்ட உடம்பு, சட்டை போட்ட உடம்பு, கையில் புத்தகம் வைத்த உடம்பு. கழுத்துக்கு மேலே மட்டும் வெள்ளைப் பூச்சு. போட்டோவோடு யாராவது வந்தால் பொருத்தமான உடம்பை எடுத்து, தலையை மட்டும் போட்டுக் கொடுப்பார். பாதி நாளில் வேலை முடியும். சுவரோரம் எப்போதும் ஏழெட்டுத் தலையில்லாத மனிதர்கள் வரிசையாக நிற்பார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அந்த அறையைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பாள்.

சாணைக்காரருக்கு மட்டும் அவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை, காலால் மிதிக்கிற சாணை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்டூடியோவுக்கு எதிரே விளக்குக் கம்பத்தடியில் நிறுத்துவார். தெருவில் இருக்கிற கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் தீட்டுவதற்கு அங்கே வரும். அப்பாவின் கேன்வாஸ் கத்தரிக்கோலைக் கேட்காமலே உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போவார்.

"அண்ணே, இந்தக் கோட்டுக்குத் தலை வேணும்னா சொல்லுங்க. என் தலை சும்மாதான் இருக்கு."

"உன் தழும்புக்கே ஒரு ட்யூப் சிவப்பு காலியாயிடும்யா. கட்டுபடியாகாது," என்பார் அப்பா.

சாணையில் ஒருமுறை கத்தி உடைந்து பறந்து, அவர் கன்னத்தைக் கண்ணுக்குக் கீழிருந்து வாயோரம் வரை கிழித்திருந்தது. சிரித்தால் அந்தக் கோடும் சேர்ந்து சிரிக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஏட்டு ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி இருந்த கடிகாரக் கடைக்காரரை ஞாயிற்றுக்கிழமை யாரோ இரும்பால் அடித்துப் போட்டுவிட்டுக் கடையைக் காலி செய்திருந்தார்கள். தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன், அடித்தவனின் அடையாளத்தை எப்படியோ சொல்லியிருந்தார். இனி ஒரு வாரத்துக்குப் பேச முடியாது, யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"படம் போடுறதுக்குன்னு எங்ககிட்ட இருக்குற ஆளு ஊர்ல இல்ல," என்றார் ஏட்டு. "இன்ஸ்பெக்டர் உங்களைப் போடச் சொன்னாரு. மத்தியானம் வந்து வாங்கிக்கிறேன்."

"நான் போட்டோவப் பாத்துப் போடுறவன் சார். கேட்டுப் போட்டுப் பழக்கமில்ல."

"அதெல்லாம் வரும். போடுங்க."

வரும் என்று போலீஸ் சொன்னால் வந்துதான் ஆக வேண்டும். ஏட்டு வைத்துவிட்டுப் போன வாக்குமூலக் காகிதத்தை அப்பா தொடக்கூட இல்லை. "எடுத்து வாசி" என்று அவளிடம் சொன்னார். தடித்த தாள் ஒன்றைப் பலகையில் குத்தி, கரிக்கட்டியை எடுத்தார்.

அவள் வாசித்தாள். மெலிந்த முகம். கன்ன எலும்பு தூக்கல். மீசை உண்டு. அப்பா போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். காகிதத்தில் ஒரு முகம் இருந்தது. ஆனால் அது யாராகவும் இல்லை.

"இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழிருந்து உதட்டோரம் வரை வெட்டுத் தழும்பு."

"எந்தப் பக்கம்னு சொன்ன?"

"இடது."

அப்பா நகத்தைப் பார்த்தார். நீலப் புள்ளி இருந்த பக்கமாகக் கோட்டை இழுத்தார். அதன் பிறகு அழிக்கவில்லை. கை மளமளவென்று ஓடியது. கண்ணிமை தடித்தது, மூக்கு இறங்கியது, மீசை ஓரத்தில் வளைந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரின முடி வந்தது. காகிதத்தில் இருந்த ஆள் சட்டென்று உயிரோடு பார்த்தான். யாரையோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது.

வாக்குமூலத்தில் இன்னும் நாலு வரி பாக்கி இருந்தது. அப்பா கேட்கவில்லை. அவளும் வாசிக்கவில்லை. படம்தான் வந்துவிட்டதே.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் படம் அச்சாகித் தெருமுனைகளில் ஒட்டப்பட்டது. பதினோரு மணிக்கு சாணைக்காரர் வழக்கம்போல் வந்தார். வண்டியை நிறுத்தி, மிதிக்க ஆரம்பித்து, இரண்டாவது கத்தியை எடுத்தபோது ஜீப் வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் அந்தப் படம் இருந்தது. சாணைக்காரர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் அவள்.

"அண்ணே, என்னன்னு சொல்லுங்கண்ணே," என்றார் சாணைக்காரர். "மாசம் ரெண்டு தடவ இங்கதானே நிக்கிறேன். சொல்லுங்கண்ணே."

அப்பா வாசற்படியில் ஒரு அடி இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டார். சாணைக்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் போன பிறகும் சாணைச் சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றி நின்றது. பாதி தீட்டின கத்தி கீழே கிடந்தது. வண்டியை யாரும் எடுத்துப் போகவில்லை. ஜன்னல் வழியாக எந்த நேரம் பார்த்தாலும் அது கம்பத்தில் சாய்ந்து நின்றது. புதன்கிழமை அப்பா ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, விளக்குப் போட்டு வேலை பார்த்தார். அந்த ஸ்டூடியோவில் பகலில் விளக்கு எரிந்ததை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

தெருக்காரர்கள் வந்து பாராட்டினார்கள். தையல்கடைக்காரர், "படக்காரரே, உங்க கையில போலீஸ் வேலையும் இருக்குதுன்னு தெரியாமப் போச்சே," என்றார். அப்பா சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். அவர் போன பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு என்னமோ மனசு ஒப்பல. அவன் அப்படி ஆளில்லையே."

"காகிதத்துல இருந்ததைத்தானே போட்டீங்க?" என்றாள் அம்மா.

"காகிதத்துல இருந்ததைத்தான் போட்டேன்."

வியாழக்கிழமை அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. எழுத்துத் தேர்வில் தேறி, அரசாங்க வேலைக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். பெரிய ஹாலில் வரிசை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட குமாஸ்தா அவளுடைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சான்றிதழைப் பார்த்தார்.

"வலது கன்னத்தில் மச்சம்னு போட்டிருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணும் காணோமே. மச்சம் நடந்து வந்துடுச்சாம்மா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான் சார், வலது."

"இது எந்த ஊரு வலது? எழுதுற கையைத் தூக்குங்க."

தூக்கினாள்.

"மச்சம் அந்தப் பக்கமா இருக்கு?"

இல்லை. தொட்டுக்கொண்டிருந்தது இன்னொரு கை. இருபத்திரண்டு வயதில், ஒரு பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் முகத்தின் வலது எது என்று தெரியாமல் நின்றாள்.

"எங்க வீட்ல... பாக்குறவங்க பக்கத்தை வெச்சுச் சொல்லுவோம் சார்."

"அதெல்லாம் வீட்ல. சர்க்கார் காகிதத்துல இடது கன்னம்னா அந்த ஆளோட இடது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட்டு, எங்க போனாலும் அதான். இதுக்கு ஒரு திருத்தம் வாங்கிட்டு வாங்க. அப்படியே உங்க ஸ்டேஷன்ல நன்னடத்தைச் சான்று. பத்து நாள் டைம்."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவள் நகரவில்லை. போலீஸ் என்ற சொல் காதிலேயே நின்றது. வாக்குமூலத்தில் இருந்தது திருடனின் இடது. அப்பா போட்டது கேன்வாஸின் இடது. கேன்வாஸின் இடது பக்கம் இருக்கிற கன்னம் அந்த ஆளுக்கு வலது. சாணைக்காரரின் தழும்பு வலது கன்னத்தில். அவள் ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்த்தாள். பின்னால் இருந்தவர், "தள்ளுங்க மேடம்" என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. வண்டி கம்பத்தடியில் நின்றது. "என்ன ஆச்சு, பட்டதாரி?" என்றார் அப்பா. சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள்.

சொன்னால் அப்பா ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். தப்பான படம் போட்டேன் என்று போலீசிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளே வைத்துவிட்டால்? அவளுடைய சான்றும் அதே ஸ்டேஷனில், அதே இன்ஸ்பெக்டரிடம்தான் வாங்க வேண்டும். அது வராவிட்டால் வேலை இல்லை. சாணைக்காரர் எப்படியும் வெளியே வந்துவிடுவார், கடிகாரக்காரருக்குக் கட்டுப் பிரித்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு வாரம்தானே. இப்படி வரிசையாகக் காரணங்கள் வந்தன. படித்த மூளை காரணம் கண்டுபிடிப்பதில் சளைக்கவில்லை. "ஒண்ணுமில்லப்பா. ஒரு திருத்தம் வாங்கணுமாம்," என்று சொல்லிவிட்டுத் திரையைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தாங்கியது. அப்பா சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எழுந்து போனார். ஸ்டூடியோவில் போய்ப் பார்த்தால், தலையில்லாத கோட்டுக்காரர்களைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் அவன் மூஞ்சியாத் தெரியுது," என்றார். அவள் சான்றிதழை எடுத்து வந்து, மச்சத்தின் மேல் விரலை வைத்து, சொன்னாள்.

அப்பா கேட்டுவிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு வேட்டியோ சட்டையோ எது கிடைத்ததோ அதில் நகத்தைத் தேய்த்தார். போகவில்லை. பல்லால் சுரண்டினார்.

"என்னங்க, போகாதீங்க," என்றாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "போனா திரும்பி விடுவாங்கன்னு என்ன நிச்சயம்? பொண்ணு காகிதம் வேற அங்கதான் போகணும். நீங்களா போய்க் கழுத்தை நீட்டணுமா?"

"அவன் என்னைப் பாத்து அண்ணேன்னு சொன்னான்."

"நானும்தான் இருபத்தஞ்சு வருஷமா என்னங்கன்னு சொல்றேன்."

அப்பா மூன்று தடவை கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தார். சலவைச் சட்டை போட்டார், பொத்தானை மாற்றிப் போட்டார். அவள்தான் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். "நீயும் வா," என்றார். "நீ படிச்சவ. உனக்குப் பேச்சு வரும்."

வரவில்லை. ஸ்டேஷனில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுவரில் அப்பா போட்ட படம் ஒட்டியிருந்தது. உள்ளே எங்கோ யாரோ இருமினார்கள். விட்டு விட்டு வந்தது இருமல். அவள் அதை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு வரை எண்ணியபோது இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

அவர் தூக்கமில்லாத கண்ணோடு இருந்தார். "வாங்க படக்காரரே. நல்லாப் போட்டிருந்தீங்க. என்ன விஷயம்?"

அப்பா அவளைப் பார்த்தார். அவள் மேஜையைப் பார்த்தாள். அப்பாவே தொடங்கினார். வகிட்டில் தொடங்கி வங்கி மேனேஜர், கைக்கடிகாரம் என்று போனார். இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"இடதுன்னு இருந்துச்சு சார். நான் என் இடதுல போட்டுட்டேன். அது அந்த ஆளோட இடதாம்."

"யாரோட இடது?"

"அதான் சார், யாரோட இடதுன்னு நான் கேக்கல."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஏட்டைக் கூப்பிட்டுப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். அப்பா அதை வாங்கி, ஜன்னலுக்குப் போய், பின்பக்கம் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். தாளின் மறுபக்கம் முகம் மங்கலாகத் தெரிந்தது. தழும்பு இடம் மாறியிருந்தது. அதே மூக்கு, அதே மீசை, ஆனால் அது சாணைக்காரர் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த யாரும் இல்லை.

"தழும்பு அந்தப் பக்கம் விழுந்ததும், மிச்ச மூஞ்சியை என் கை பழக்கத்துல போட்டுடுச்சு சார். தெரிஞ்ச மூஞ்சி அது."

இன்ஸ்பெக்டர் கோப்பிலிருந்து வாக்குமூலத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தார். மெலிந்த முகம். மீசை. இடது கன்னம். அதோடு நிறுத்தவில்லை. "முடி சுருட்டை. முன்பல்லில் ஒன்று பாதி உடைந்தது. இடது காதில் துளை. வயது முப்பதுக்குள்." நிமிர்ந்து ஏட்டைப் பார்த்தார். ஏட்டு சுவரைப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் ஆளைப் படத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். காகிதத்தோடு ஒருவரும் ஒப்பிடவில்லை.

"சுருட்டைன்னு இருக்கே. உங்களுக்கு இதை வாசிச்சது யாரு?"

"நான்தான் சார், காதுல சரியா வாங்கல," என்றார் அப்பா. "வாசிச்சவங்க சரியாத்தான் வாசிச்சாங்க."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார். "உங்க பொண்ணு சர்க்கார் வேலைக்குப் போகுதுன்னு ஏட்டு சொன்னாரு. நன்னடத்தைச் சான்று ஒண்ணு இங்க வரணுமில்ல?"

"ஆமா சார்."

"வரட்டும். பாக்கலாம்."

அந்தப் பாக்கலாம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று வீடுவரைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சான்று பத்து நாளில் வரவில்லை. இரண்டு முறை அவகாசம் கேட்டு எழுதி, இரண்டு மாதம் கழித்து ஒருநாள், ஒரு வரி குறையில்லாமல் வந்தது. அதுவரை ஜீப் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள்.

சனிக்கிழமை காலையில், டாக்டரிடம் அனுமதி வாங்கி, சாணைக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கடிகாரக்காரர் முன் நிறுத்தினார்கள். அவர் கட்டுப் போட்ட தலையை இல்லை என்று ஆட்டினார். மத்தியானம் விட்டுவிட்டார்கள். அடித்தவன் வேறொரு ஊரில் வேறொரு கடையில் அகப்பட்டது அந்த வருஷக் கடைசியில்.

சாணைக்காரர் வண்டியை எடுக்க நேராகத் தெருவுக்கு வந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. இடது கையால் வண்டியைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்பா ஓடிப்போய்ப் பிடித்தார்.

"விடுங்க சார்," என்றார் சாணைக்காரர்.

அத்தனை வருஷமாக அண்ணே என்று கூப்பிட்டவர். அப்பா கையை எடுத்துவிட்டார்.

"கையி..." என்றார் அப்பா.

"வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் யாரும் மேல கை வைக்கல. சும்மா கேட்டுட்டுதான் இருந்தாங்க. சாயங்காலம்தான்."

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவள் வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு அது தெரியும். திரும்பி அவளைப் பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை, அதற்குப் பிறகு எந்த நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

"நான் என்ன செய்யணும்னு சொல்லுய்யா," என்றார் அப்பா.

சாணைக்காரர் யோசித்தார். "ஊர் பூரா என் மூஞ்சி ஒட்டியிருக்கு. மழை வந்தா கிழிஞ்சிடும், அது போகட்டும். என் பொண்ணு நாலு நாளா ஸ்கூல் போகல. தெருமுனையில அதைப் பாத்துட்டா. நீங்க ஒண்ணு போடுங்க. நான் நானா இருக்குற மாதிரி. அதை வீட்ல மாட்டுறேன். பிள்ளை அதைப் பாக்கட்டும்."

"போடுறேன். சத்தியமாப் போடுறேன்."

அடுத்த வாரமே அப்பா நல்ல கேன்வாஸாகப் பார்த்து இழுத்துக் கட்டினார். ஏற்கெனவே இருந்த உடம்பு எதையும் எடுக்கவில்லை. சாணைக்காரரை வரச் சொல்லி எதிரே உட்காரவைத்துத் தொடங்கினார். சட்டையின் சுருக்கம் ஒவ்வொன்றும் வந்தது. சக்கரம் வந்தது. கல்லில் இரும்பு உரசித் தெறிக்கிற பொறி வந்தது. கைகள் வந்தன. வலது கை விரல்களைக் கோணல் இல்லாமல் போட்டிருந்தார். சாணைக்காரர் அதைப் பார்த்து, "இது பழைய கையி," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

முகம் மட்டும் வரவில்லை. கரிக்கட்டியைக் கழுத்துக்கு மேலே கொண்டுபோனால் அப்பாவின் கை நின்றுவிடும். "அந்தப் பக்கம்... உன் வலது... எனக்கு..." என்று விரலை விட்டு எண்ணுவார். போடுவார், துடைப்பார். மூன்று தடவை சாணைக்காரர் வந்து உட்கார்ந்தார். நாலாவது தடவை வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வேறு தெருவுக்குப் போக ஆரம்பித்துவிட்டார் என்று தையல்கடைக்காரர் சொன்னார்.

அப்பா அதன் பிறகு பதினோரு வருஷம் வேலை பார்த்தார். நகத்தில் புள்ளி வைப்பதை விட்டுவிட்டார். போட்டோவோடு யார் வந்தாலும், வணக்கம் சொல்லும் முன் "யாரோட இடது?" என்று கேட்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் பதில் வரும்வரை விடமாட்டார். கலெக்டர்கள், கண்டக்டர்கள், கல்யாண ஜோடிகள் என்று எத்தனையோ முகங்கள் போட்டார். அந்த ஒரு கேன்வாஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. மழைக்காலத்தில் மட்டும் எடுத்துத் துடைத்து வைப்பார். கடைசி வாரத்தில் படுக்கையிலிருந்து அவளைக் கூப்பிட்டு, "அவன் படம் பாக்கி" என்றார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அவளுக்கோ ஒரு கோடு நேராக இழுக்கத் தெரியாது.

இப்போது அந்தக் கேன்வாஸ் அவளுடைய வீட்டில் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. பின்பக்கச் சட்டத்தில் பென்சிலால் அப்பா எழுதியிருக்கிறார்: "அவரோட வலது." பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அதை அழித்து எதிர்ப்பக்கமாக இன்னொரு அம்புக்குறி. அதையும் அழித்திருக்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே தெருவில் கல்லில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சாணைக்காரருக்குத் தலை நரைத்திருந்தது. தழும்பு தோலோடு சுருங்கிப் போயிருந்தது. கத்தரிக்கோலை இடது கையால்தான் வாங்கினார். வலது கை சும்மா ஒத்தாசைக்கு. கத்தரிக்கோலைத் திருப்பிப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"படக்காரர் பொண்ணா?"

"ஆமாங்க. அப்பா போய் மூணு வருஷமாச்சு."

"கேள்விப்பட்டேன்." சக்கரத்தை மிதித்தார். ஒரு பக்க அலகை முடித்து மறுபக்கத்துக்கு வந்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார். "அந்தப் படம்?"

"எங்கிட்டதாங்க இருக்கு. எல்லாம் முடிஞ்சிருக்கு. முகம் மட்டும் இன்னும் வரல."

சக்கரம் நின்றது. சாணைக்காரர் கத்தரிக்கோலை விரலில் தொட்டுப் பதம் பார்த்தார். துணியில் துடைத்தார். பிடி அவள் பக்கம் வருகிற மாதிரித் திருப்பி நீட்டினார்.

"முகம் இங்கதானேம்மா இருக்கு," என்றார். "வரலன்னா என்ன அர்த்தம்?"